கல்லூரி வாசலில் முதல் பாடம்

மேல்நிலைத் தேர்வின் முடிவுகள் வெளிவந்து, ஜூன், ஜூலை மாதங்கள் பிறந்துவிட்டால் நம் ஊர்களிலிருந்து பிள்ளைகள் பெட்டியும் படுக்கையுமாகக் கல்லூரிகளுக்குப் புறப்படுகிறார்கள். கட்டணம் கட்டியாகிவிட்டது, மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் சான்றிதழ் எல்லாம் நகலெடுத்தாகிவிட்டது, விடுதியில் அறையும் கிடைத்துவிட்டது. பெற்றோரின் கவலை இத்துடன் தீர்ந்துவிடுகிறது. ஆனால் பதினேழு, பதினெட்டு வயது வரை வீட்டாரின் கண் பார்வையில் தொழுது வந்த பிள்ளை, இனி யாரும் எழுப்பிவிடாத ஓர் அறையில் எப்படி வாழப் போகிறான் என்பதை எத்தனை வீடுகளில் உட்கார்ந்து பேசுகிறோம்?

புதிய மாணவனை வகுப்பில் தள்ளுவதற்கு முன் இடத்தையும் முறையையும் அறிமுகம் செய்து வைக்க வேண்டும் என்பதைக் கல்லூரிகளும் உணர்ந்திருக்கின்றன. பல்கலைக்கழக மானியக் குழு 2019-ல் 'தீக்ஷாரம்ப்' என்ற பெயரில் இதற்கென ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. பொறியியல் கல்லூரிகளில் 3 வார அறிமுகப் பயிற்சி பாடத்திட்டத்திலேயே சேர்க்கப்பட்டுள்ளது. "பாடம் தொடங்கவில்லையே, பிறகு போகலாம்" என்று இந்நாட்களை வீட்டில் கழிக்கும் மாணவர்கள் பலர். அது பெருந்தவறு. ஏனெனில் நான்காண்டுப் பழக்கம் இந்த நாட்களில்தான் உருவாகிறது.

நம் மார்க்கக் கல்வி மரபில் இது புதிய செய்தியன்று. சுமார் 800 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த இமாம் ஸர்னூஜி (ரஹ்) அவர்கள், கல்வி தேடிப் புறப்படும் மாணவனுக்கென்றே 'தஃலீமுல் முதஅல்லிம்' என்ற நூலை 13 அத்தியாயங்களில் எழுதினார்கள். பல மதரஸாக்களில் இது ஆரம்ப மாணவர்களுக்குப் பாடமாக இருந்து வருகிறது. கல்லூரி மாணவனும் படித்துப் பயன்பெறத்தக்க நூல் அது. அதன் ஒளியில் சில விஷயங்களைக் கவனிப்போம்.

நிய்யத்

அந்நூலின் இரண்டாம் அத்தியாயமே நிய்யத்தைப் பற்றியதுதான். செயல்கள் எண்ணங்களைக் கொண்டே அமைகின்றன என்ற நபிமொழியை அறியாத முஸ்லிம் இல்லை. ஆனால் அது உளூவுக்கும் தொழுகைக்கும் மட்டும் உரியது என்று எண்ணி விடுகிறோம். கணிதம் படிப்பவனும், கணக்கியல் படிப்பவனும், மருத்துவம் படிப்பவளும் இந்த எண்ணத்தோடு படிக்கலாம்: 'ஹலாலான முறையில் சம்பாதித்து என் பெற்றோரைக் காப்பேன், பிறரிடம் கையேந்தாமல் வாழ்வேன், என் அறிவால் மக்களுக்கு நன்மை செய்வேன்.' இப்படி எண்ணியவருக்கு ஆய்வுக்கூடத்தில் நிற்கும் நேரமும் நன்மையாக எழுதப்படும் என்று அல்லாஹ்வின் அருளில் ஆதரவு வைக்கலாம். 'அடுத்த வீட்டுப் பையன் சேர்ந்துவிட்டான், நானும் சேர்ந்தேன்' என்பவனுக்கோ முதல் தேர்வில் தவறியதும் படிப்பே கசந்துவிடும். எதற்காக இங்கே வந்தேன் என்பதற்கு அவனிடம் விடை இல்லாததே காரணம்.

அவசரப்படாதீர்

மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு மூத்த அறிஞரின் அறிவுரையை இமாமவர்கள் எடுத்துக் கூறுகிறார்கள். அதன் கருத்தாவது: புகாராவுக்குக் கல்வி கற்கச் சென்றால், சென்றவுடன் ஓர் ஆசிரியரிடம் ஒட்டிக்கொள்ள வேண்டாம், இரண்டு மாதம் தங்கி, நன்கு ஆராய்ந்து தேர்ந்தெடுத்துக்கொள், பிறகு நிலைத்து நில். அதே அத்தியாயத்தில் தோழனைத் தேர்ந்தெடுப்பதைப் பற்றியும் பேசுகிறார்கள்.

கல்லூரியில் ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நமக்கில்லை. ஆனால் தோழனைத் தேர்ந்தெடுக்கும் உரிமை முழுவதும் நம் கையில் இருக்கிறது. முதல் வாரத்திலேயே ஒரு கூட்டம் வந்து தோளில் கை போடும். எங்கு சாப்பிடுவது, எந்த வகுப்பை விட்டுவிட்டுச் சினிமாவுக்குப் போவது என்பதையெல்லாம் அதுவே தீர்மானிக்கும். ஸலாமுக்குப் பதில் சொல்லுங்கள், சிரித்துப் பேசுங்கள், எல்லா மதத்து மாணவர்களிடமும் நற்குணத்தோடு பழகுங்கள். ஆனால் நெருங்கிய நட்பு என்ற சாவியை இரண்டு மாதம் யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். சுபுஹுக்கு எழுந்திருப்பவன் யார், கடன் வாங்கினால் திருப்பித் தருபவன் யார், இல்லாதவனைப் பற்றிப் பேசாதவன் யார் என்பது அதற்குள் தெரிந்துவிடும்.

கால அட்டவணையும் தொழுகையும்

கல்லூரியில் தொழுகையை விடும் பிள்ளைகளில் பெரும்பாலோர் அதை மறுத்து விடுவதில்லை. 'வகுப்பு இருந்தது', 'உளூச் செய்ய இடமில்லை', 'சேர்த்துக் களாச் செய்து கொள்ளலாம்' என்று ஒரு வேளை, இரு வேளை எனக் கழன்றுபோகிறது. ஆகவே கால அட்டவணை கைக்கு வந்த அன்றே, அதன் பக்கத்தில் தொழுகை நேரங்களை எழுதி வையுங்கள்.

தமிழகத்தில் லுஹர் நேரம் பகல் 12 மணியைச் சற்றுக் கடந்து தொடங்கி, ஷாஃபிஈ மத்ஹபின்படி மூன்றேகால், மூன்றரை மணி வாக்கில் அஸர் தொடங்கும் வரை நீடிக்கிறது. ஹனஃபி மத்ஹபில் இன்னும் சற்று நேரம் உண்டு. மதிய உணவு இடைவேளை இதற்குள் வந்துவிடுகிறது. நான்கு ரக்அத் பர்ளுத் தொழ ஏழெட்டு நிமிடம் போதும். பள்ளிவாசல் அருகில் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். பூமி முழுவதும் இந்த உம்மத்துக்குத் தொழுமிடமாக ஆக்கப்பட்டுள்ளது. சுத்தமான ஒரு துண்டும், ஆளில்லாத ஒரு வகுப்பறை மூலையும் இருந்தால் போதுமானது. நம் பகுதியில் கிப்லா மேற்கிலிருந்து சற்று வடக்கே சாய்ந்தது. விடுதி அறையில் முதல் நாளே திசையைச் சரிபார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிற்பகல் ஷிஃப்டில் படிப்போர் அஸரில் கவனமாக இருக்க வேண்டும். நவம்பர் மாதத் தேர்வு பகல் 2 மணிக்குத் தொடங்கி 5 மணிக்கு முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். அம்மாதத்தில் சென்னையில் 5.40 மணியளவில் சூரியன் மறைந்துவிடும். வினாத்தாளைப் பற்றி நண்பர்களுடன் பேசிக்கொண்டு நின்றால் அஸர் போய்விடும். லுஹரைத் தொழுதுவிட்டுத் தேர்வுக்குள் நுழைந்து, வெளியே வந்ததும் அஸரைத் தொழுதுவிட வேண்டும்.

விடுதி மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று: 'வெளியூரில்தானே இருக்கிறோம், கஸ்ராகச் சுருக்கித் தொழலாமா?' ஓரிடத்தில் போன நாளும் திரும்பும் நாளும் நீங்கலாக 4 முழு நாட்கள் தங்க நிய்யத் செய்தால் ஷாஃபிஈ மத்ஹபில் பிரயாணி என்ற நிலை நீங்கிவிடும். ஹனஃபி மத்ஹபில் 15 நாட்கள் தங்க நிய்யத் செய்தால் நீங்கும். பருவம் முழுதும் தங்கிப் படிக்க வந்தவர் இரு மத்ஹபிலும் முழுமையாகவே தொழ வேண்டும். ஜும்ஆவும் அவருக்குக் கடமை. வாரந்தோறும் ஊர் சென்று திரும்புவோர் தம் நிலையைத் தம் மஹல்லா இமாமிடம் விவரமாகச் சொல்லித் தெளிவு பெறட்டும்.

வெள்ளிக்கிழமை

'ஜும்ஆவுக்குப் போனால் வருகைப் பதிவு குறைந்துவிடும்' என்று அஞ்சுவோர் உண்டு. கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பருவத்துக்கு 90 வேலை நாட்கள், நாளுக்கு 5 வகுப்பு என்றால் 450 வகுப்புகள். வாரம் ஐந்து நாள் நடக்கும் கல்லூரியில் வெள்ளிக்கிழமைகள் 18. ஒவ்வொரு வெள்ளியும் ஒரு வகுப்பு தவறினாலும் இழப்பது 18 வகுப்புகள். அதாவது 4 சதவீதம். சில கல்லூரிகளில் பிற்பகல் முதல் வகுப்புக்கு வராவிட்டால் அரை நாள் விடுப்பாகக் கொள்வார்கள். அப்போதும் 9 நாட்கள், 10 சதவீதம்தான். தேவைப்படுவதோ 75 சதவீதம். ஆகவே வருகைப் பதிவைக் குலைப்பது ஜும்ஆ அல்ல; காரணமின்றிப் போட்ட மற்ற விடுப்புகளே.

எனவே அறிமுக நாட்களிலேயே, வருகைப் பதிவை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு மூன்று மாணவர்கள் சேர்ந்து துறைத் தலைவரிடம் பணிவோடு ஒரு கடிதம் கொடுங்கள். தொழுகை முடிந்ததும் தாமதமின்றி வகுப்புக்குத் திரும்புங்கள். ஜும்ஆவின் பெயரால் வெளியேறிக் கடைத்தெருவில் நிற்பவன், தனக்குப் பின்னால் வரும் மாணவர்களுக்கும் அனுமதி கிடைக்காமல் செய்துவிடுகிறான். மாணவியருக்கு ஜும்ஆ கடமையில்லை. அவர்கள் லுஹரைத் தொழுதால் போதும்.

ராகிங் என்னும் அநீதி

பிறரைப் பரிகசிப்பதையும், குத்திப் பேசுவதையும், பட்டப்பெயர் சூட்டுவதையும் அல்ஹுஜுராத் அத்தியாயத்தில் அல்லாஹு தஆலா தடுத்துள்ளான். புது மாணவனை நிறுத்தி வைத்துப் பாடச் சொல்வதும், அவமானப்படுத்துவதும் இந்தத் தடையில் அடங்கும் என்பதில் ஐயமில்லை.

நாட்டின் சட்டமும் இதில் கடுமையாகவே இருக்கிறது. 1996-ல் சிதம்பரத்தில் ஒரு மருத்துவ மாணவர் கொல்லப்பட்ட கொடுமைக்குப் பின், 1997-ல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்தது. இரண்டாண்டு வரை சிறையும், 10,000 ரூபாய் வரை அபராதமும் அதில் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழு 2009-ல் நாடு முழுமைக்கும் விதிமுறைகள் செய்தது. 2016-ல் செய்யப்பட்ட திருத்தம், மதம், சாதி, நிறம், மொழி ஆகியவற்றைச் சொல்லித் துன்புறுத்துவதையும் ராகிங் என்றே ஆக்கியது. தாடியையும் பர்தாவையும் கேலி செய்து வதைப்பது 'சும்மா விளையாட்டு' ஆகாது. 1800-180-5522 என்ற கட்டணமில்லா எண்ணில் இரவும் பகலும் புகார் செய்யலாம். பொறுமை சிறந்த குணம்தான். ஆனால் அநீதியை மறைத்து வைப்பது பொறுமையாகாது. முதலில் தாய் தந்தையிடம் சொல்லுங்கள். ஒரு நாளும் தனியே சுமக்காதீர்கள். பெற்றோரே! பிள்ளை போனில் இப்படி ஒரு சொல் சொன்னால், "ஆம்பளைப் பிள்ளை, சமாளி" என்று வாயை அடைத்துவிடாதீர்கள். அந்த ஒரு சொல்லைச் சொல்ல அவன் எத்தனை நாள் தயங்கினானோ!

இதில் இன்னொரு பங்கும் உண்டு. அநீதி செய்யும் சகோதரனுக்கும் உதவுங்கள். அவனைத் தடுப்பதே அவனுக்குச் செய்யும் உதவி என்பது நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுத் தந்த பாடம். 'போன வருடம் நான் பட்டேன், இந்த வருடம் இவன் படட்டும்' என்று இரண்டாம் ஆண்டு மாணவன் நினைக்கும்போதுதான் அநீதி தலைமுறையாக நீள்கிறது. இன்று புதியவராக நுழைபவர், 'அடுத்த ஆண்டு வருகிறவனின் பெட்டியைத் தூக்கி உதவுவேன். உணவகத்தையும் நூலகத்தையும் காட்டிக் கொடுப்பேன்' என்று இன்றே நிய்யத் செய்துகொள்ளட்டும். அச்சங்கிலி அவரோடு அறுந்துபோகும்.

மாணவச் செல்வங்களே! கல்லூரி உங்களுக்கு அடையாள அட்டை தரும். நீங்கள் யார் என்பதை அதற்கு முன்பே நீங்கள் முடிவு செய்துகொண்டு உள்ளே நுழையுங்கள். முதல் நாள் லுஹரைத் தொழுதவருக்கு இரண்டாம் நாள் எளிது. முதல் வாரம் தொழுதவருக்குப் பருவம் முழுதும் எளிது.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், நல்ல தோழர்களையும், ஐவேளைத் தொழுகையில் உறுதியையும் அருள்வானாக! ஆமீன்.