நிலத்தடியில் ஒரு புலவர் மன்றம்

முன்னுரை

ஓர் ஊர் தன் புலவர்களை எங்கே வைத்துப் போற்றுகிறது என்பது அவ்வூராரின் மொழிப்பற்றைக் காட்டும் அளவுகோலாகும். நூலகமும் சிலையுமே அதற்குரிய இடங்கள் என்பது பொதுவான எண்ணம். நாள்தோறும் மக்கள் வந்து செல்லும் நிலத்தடி இரயில் நிலையங்களையே புலவர் மன்றமாக்கிய நகரம், உஸ்பெகிஸ்தானின் தலைநகரான தாஷ்கண்ட். அந்நகரின் வழியை நம் திருவான்மியூரோடு ஒப்பிட்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இடிபாடுகளுக்குப் பின்

தாஷ்கண்ட் என்றதும் 1966 ஜனவரியில் அங்குக் கையெழுத்தான இந்திய-பாகிஸ்தான் உடன்பாடும், மறுநாளே நிகழ்ந்த லால்பகதூர் சாஸ்திரியின் மறைவும் நம் நினைவுக்கு வரும். அதே ஆண்டு ஏப்ரல் 26 அன்று நிலநடுக்கம் அந்நகரைச் சிதைத்தது, இலட்சக்கணக்கானோர் வீடிழந்தனர். மீண்டெழுந்த நகரில், நிலநடுக்கத்தைத் தாங்கும் வகையில் கட்டப்பட்ட சுரங்க இரயில் 1977 நவம்பரில் ஓடத் தொடங்கியது. மத்திய ஆசியாவில் முதன்முதல் அமைந்த சுரங்க இரயில் இதுவே.

நிலையங்களில் புலவர்கள்

இந்நிலையங்களுள் சில கவிஞர் பெயர் தாங்கியவை. கஃபூர் குலாம், ஹமீத் ஆலிம்ஜான், ரஷ்யக் கவிஞர் புஷ்கின் ஆகியோர் பெயர்களில் நிலையங்கள் உள்ளன. இவற்றுள் தலையாயது 1984இல் திறக்கப்பட்ட அலிஷேர் நவாயி நிலையம். பள்ளிவாசலை நினைவூட்டும் குவிமாடங்கள் அதன் கூரையை அணிசெய்கின்றன. அவருடைய ஐந்து காப்பியங்களின் காட்சிகள் சுவர்களில் விளங்குகின்றன.

நவாயி (1441-1501) ஹிராத் நகரில் பிறந்தவர். பாரசீகமே புலமையின் மொழி என்று மதிக்கப்பட்ட காலத்தில், தம் தாய்மொழியாகிய துருக்கியும் அதற்கு இளைத்ததன்று என நிறுவ, இரு மொழிகளையும் ஒப்பிட்டுத் தனி நூலே இயற்றினார். தாய்மொழியின் தகுதிக்காக வழக்காடிய அவர் தமிழ் மாணவர்க்கு அயலார் அல்லர்.

நாவலாசிரியர் அப்துல்லா காதிரியின் வரலாறு நெஞ்சை உருக்குவது. ஸ்டாலின் ஆட்சியில் 1938இல் அவர் கொல்லப்பட்டார். நாடு 1991இல் விடுதலை பெற்றபின், 2001இல் திறக்கப்பட்ட நிலையமொன்று அவர் பெயரைத் தாங்கியது. ஆட்சி அழிக்க முயன்ற பெயரை மக்கள் இன்று பயணவழியில் நாவாரச் சொல்கின்றனர்.

சென்னையின் நிலை

சென்னையில் சுரங்கப் பாதையில் மெட்ரோ இரயில் 2017 மே மாதம் ஓடத் தொடங்கியது. 2020இல் மூன்று நிலையங்களுக்கு அரசியல் தலைவர்களின் பெயர்கள் சூட்டப்பட்டன. புலவர் பெயர் சூட்டும் வழக்கம் இங்குத் தோன்றவில்லை. எனினும் அரசுப் பேருந்துகளில் குறட்பாவை எழுதிவைத்த மரபு நம்முடையது. அம்மரபு நிலத்தடிக்கும் செல்லுதல் தகும்.

திருவான்மியூருக்கு 2004இல் பறக்கும் இரயில் வந்தது. மாதவரத்திலிருந்து சிறுசேரி வரை வகுக்கப்பட்ட இரண்டாம் கட்ட மெட்ரோ வழித்தடத்தில் இவ்வூர் நிலையம் நிலத்தடியில் அமையுமாறு திட்டமிடப்பட்டது. இங்கு நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய சிறப்பு ஒன்றுண்டு. வான்மீகி முனிவரோடு தொடர்புபடுத்தி இவ்வூர்ப் பெயருக்கு விளக்கம் கூறுவது மரபு. தாஷ்கண்டில் புலவர் பெயரை நிலையத்துக்குச் சூட்டினர். இங்கோ ஊர்ப்பெயரிலேயே புலவர் நினைவு பொதிந்துள்ளது. மேலும், திருஞானசம்பந்தரும் திருநாவுக்கரசரும் பாடிய தலம் இது. பாம்பன் சுவாமிகள் அடங்கிய இடமும் இங்குள்ளது. இத்துணைச் செல்வமும் பெயர்ப்பலகையை மட்டும் பார்த்துச் செல்லும் பயணிக்கு எட்டுவதில்லை.

முடிவுரை

எனவே, புதுப்பெயர் சூட்டுதல் இங்கு வேண்டுவதன்று. இருக்கும் பெயரின் பொருளைச் சுவரில் விளக்கினால் போதும். அச்சுவரில் சம்பந்தரோடு, நபிகள் நாயகத்தின் வாழ்வைச் சீறாப்புராணமாகத் தமிழில் தந்த உமறுப் புலவரும் இடம்பெறுதல் முறை. சமயம் பலவாயினும் தமிழ் ஒன்றே என்பதை, நூலகம் செல்ல நேரமில்லாத உழைப்பாளியும் அங்கு நின்று அறிந்துகொள்வார். அத்தகைய சுவரை அரசிடம் கேட்டுப் பெறுவதும், அதில் எழுதத்தக்கவற்றைத் தேர்ந்து தருவதும் தமிழ்த்துறைகளின் கடமையாகும்.