நாடாவில் உறங்கிய நிலவு

பொருளைச் சேர்த்தல் அரிது. சேர்த்த பொருளைக் காத்தல் அதனினும் அரிது. இஃது அறிவுச் செல்வத்திற்கும் பொருந்தும். ஏட்டில் எழுதியதைப் படிக்கக் கண்ணும் எழுத்தறிவும் போதும். கருவி கொண்டு எழுதியதைப் படிக்கவோ, அதற்கென அமைந்த கருவியும் வேண்டும். அக்கருவியை இயக்க அறிந்தவரும் வேண்டும். இவற்றுள் ஒன்று குறையினும், எழுதியது இருந்தும் இல்லாததே ஆகும். இவ்வுண்மையை விளக்கும் நிகழ்ச்சி ஒன்று அமெரிக்க நாட்டில் நடந்தது.

மனிதனை நிலவில் இறக்குவதற்கு முன்னர், இறங்குதற்கு ஏற்ற சமனான இடம் யாது என ஆராய வேண்டியிருந்தது. அதன்பொருட்டு நாசா என்னும் விண்வெளி நிறுவனம் 1966, 1967 ஆகிய ஆண்டுகளில் ‘லூனார் ஆர்பிட்டர்’ என்னும் பெயருடைய ஐந்து கலங்களை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பியது. அவை நிலவைச் சுற்றிவந்து படச்சுருளில் படம் எடுத்தன. அச்சுருளைத் தம்முள்ளேயே பதப்படுத்தின. பின்னர் மெல்லிய ஒளிக்கற்றை ஒன்று படத்தின்மீது வரிவரியாகத் தடவிச் சென்றது. அதனால் உண்டான ஒளியின் ஏற்றத்தாழ்வுகள் வானொலி அலைகளாக மாறிப் புவியை அடைந்தன. அமெரிக்கா, ஸ்பெயின், ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் இருந்த நிலையங்கள் அவ்வலைகளைப் பெற்று, இரண்டு அங்குல அகலமுள்ள காந்த நாடாக்களில் பதிவு செய்தன. 1966-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 23-ஆம் நாள் முதற்கலம் ஓர் அரிய காட்சியைப் படம்பிடித்தது. நிலவின் விளிம்பிற்கு அப்பால் நம் புவி பிறைபோல் விளங்கிய காட்சியே அது.

அந்நாளில் அப்படங்களைக் கீற்றுக் கீற்றாகப் படச்சுருளில் இறக்கி, அக்கீற்றுகளை அடுக்கி, மீண்டும் படம் எடுத்தே வெளியிட்டனர். படியெடுக்குந்தோறும் நுட்பங்கள் மங்கின. நாடாக்களிலோ அந்நுட்பங்கள் குன்றாமல் உறங்கிக் கிடந்தன. மனிதர் நிலவில் இறங்கிய பின்னர், ஏறத்தாழ 1,500 நாடாக்கள் கேட்பாரின்றிக் கிடங்கில் தங்கின.

ஆண்டுகள் சென்றன. நான்சி எவான்ஸ் என்னும் அம்மையார் நாசாவைச் சார்ந்த ஆய்வுக்கூடம் ஒன்றில் பணியாற்றி வந்தார். அந்நாடாக்களை அழிய விடுதல் தகாது என அவர் உறுதி கொண்டார். எனினும் நாடாவைக் காப்பதனால் மட்டும் பயன் என்னை? அவற்றைப் படிக்கவல்லது ஆம்பெக்ஸ் எஃப்.ஆர். 900 என்னும் பொறி ஒன்றே. அதுவோ மிகச் சிலவே செய்யப்பட்டு, வழக்கொழிந்து போயிற்று. அம்மையார் விடாது தேடி, விமானப்படைத் தளம் ஒன்றில் பயனற்றவையெனக் கழிக்கப்பட்டிருந்த நான்கு பொறிகளைப் பெற்றார். அவற்றைப் பழுதுபார்க்கப் பொருளுதவி கிடைக்கவில்லை. ஆகவே, அப்பெரும் பொறிகளைத் தம் வீட்டுக் கொட்டகையிலேயே வைத்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பாதுகாத்தார். பயன் கருதாது பிறர் பொருட்டுச் செய்யும் காவல் இதனினும் சிறந்தது உண்டோ!

2007-ஆம் ஆண்டில் டென்னிஸ் விங்கோ, கீத் கவிங் என்னும் இருவர் இச்செய்தியை அறிந்தனர். அவர்தம் முயற்சியால் நாடாக்களும் பொறிகளும் கலிபோர்னியாவிலுள்ள நாசாவின் ஏம்ஸ் ஆராய்ச்சி நிலைய வளாகத்தை அடைந்தன. அங்கே, மூடப்பட்டுக் கிடந்த மெக்டொனால்ட்ஸ் உணவுவிடுதிக் கட்டடமே பணிமனை ஆயிற்று. பொறிகளில் தூசியும் துருவும் படிந்திருந்தன, உறுப்புகள் தேய்ந்திருந்தன. அவற்றின் அமைப்பை உணர்த்தும் பழைய குறிப்பேடுகளைத் தேடிப் பெற்றனர். முதுமை எய்திய பொறிவல்லுநர்களை அணுகி ஐயம் தெளிந்தனர். ஒரு பொறியின் உறுப்பைக் கழற்றி மற்றொன்றில் பொருத்தினர். நாடாவில் உள்ள அலைகளைப் படமாக்கும் கருவியைப் புதிதாக அமைத்தனர். 2008-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், பிறைபோல் விளங்கிய புவியின் படம் முன்னைவிடத் தெளிவுடன் வெளிவந்தது. நாற்பத்திரண்டு ஆண்டுகள் உறங்கிய காட்சி கண்விழித்தது.

இது விண்வெளி ஆராய்ச்சியாளர்க்கு மட்டும் உரிய செய்தி அன்று. இக்காலத்தில் வீடுகளிலும் அலுவலகங்களிலும் படங்களையும் ஆவணங்களையும் வலைப்பின்னலோடு இணைந்த சேமிப்புப் பெட்டிகளில் வைக்கின்றனர். பெட்டி முதுமையுற்றால் அதன் மின்வழங்கியோ சுற்றுப்பலகையோ பழுதாகும்; கணிப்பொறி எத்துணை முறை அழைப்பினும் பெட்டி விடை கூறாது. உடனே, உள்ளிருப்பது அழிந்தது என அஞ்சுதல் வேண்டா. பெட்டி பழுதாயினும் உள்ளிருக்கும் வன்தட்டுகள் நலமாக இருத்தல் கூடும். எத்தட்டு எவ்விடத்தில் இருந்தது என முதலில் குறித்துக்கொள்ளுதல் வேண்டும். பின்னர் அவற்றைக் கழற்றி, அவற்றில் எழுதப்பட்டுள்ள முறையை அறியவல்ல வேறொரு கணிப்பொறியோடு இணைத்தல் வேண்டும். பழைய தட்டில் புதிதாக ஒன்றும் எழுதாமல் உள்ளதை முதலில் படியெடுத்துக்கொள்ளுதல் வேண்டும். பழுது பார்ப்பதெல்லாம் அதன் பின்னரே. தட்டே தேய்ந்து ஒலி எழுப்புமாயின், மீண்டும் மீண்டும் இயக்காது அத்தொழில் வல்லாரிடம் ஒப்படைத்தலே அறிவுடைமை.

இவை யாவும் வந்தபின் காக்கும் வழிகள். வருமுன் காக்கும் வழியும் உண்டு. அரிய பொருளை ஒரே இடத்தில் வையாது, இரண்டு மூன்று படிகள் எடுத்து வெவ்வேறு இடங்களில் வைத்தல் வேண்டும். கருவி மாறுந்தோறும், பழைய கருவி இயங்கும்போதே புதியதற்கு மாற்றிவிடுதல் வேண்டும். படிக்கும் முறையையும் எழுதி உடன் வைத்தல் வேண்டும்.

நாடா மட்டும் இருந்து பொறி இல்லையாயின், அது வெறும் சுருள். பொறி இருந்து அறிந்தவர் இல்லையாயின், அது வெறும் இரும்பு. நாடாவையும் பொறியையும் ஒருவர் காத்தார். பொறியின் நுட்பத்தை முதியோர் நினைவில் காத்தனர். இளையோர் அவர்களை நாடிச் சென்று கற்றனர். அதனாலேயே நிலவின் படங்கள் மீண்டன. காலம் கடந்து அறிவை வாழச்செய்வது கருவி மட்டும் அன்று. அதனைக் காக்கும் மனிதரின் கருத்துடைமையும் ஆகும்.