ஊர்ப் பெயர் எழுதப்போகும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொது வரைபடத் தளத்தில் கணக்குத் தொடங்கிவிட்டாய் என்றும், உன் வட்டத்து ஊர்களுக்கெல்லாம் தமிழ்ப் பெயர் ஏற்றப்போகிறாய் என்றும் எழுதியிருந்தாய். மகிழ்ச்சி. எதில் கவனம் வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். எனக்கு முக்கியம் என்று படுவதைச் சொல்கிறேன்.

நீ ஏற்றும் பெயர் ஓர் இணையதளத்தோடு நின்றுவிடாது. 2004இல் இங்கிலாந்தில் தொடங்கிய இந்தப் பொதுத் தரவை எடுத்துத்தான் எத்தனையோ கைப்பேசிச் செயலிகள் வழி காட்டுகின்றன. 2015 சென்னை வெள்ளத்தில், நீர் தேங்கிய தெருக்களை மக்களே குறித்த வரைபடம் ஒன்று இந்தத் தரவின்மீதுதான் எழுந்தது. அப்படி ஒரு நாளில் தமிழில் தேடுகிற ஒருவருக்குத் தன் தெரு கிடைக்க வேண்டும். அதற்காகத்தான் இந்த உழைப்பு.

ஓர் ஊருக்கு ஒரு பெயர்தான் சரி, மற்றதெல்லாம் தவறு என்ற எண்ணத்தோடு வருகிறவர்கள் இங்கே சண்டையில்தான் போய் முடிகிறார்கள். இந்தத் தரவுத்தளத்தின் அமைப்பே வேறு. தமிழ்ப் பெயருக்கு ‘நேம்:டிஏ’ என்று ஒரு டேக் (குறிச்சொல்), ஆங்கிலத்துக்கு ‘நேம்:இஎன்’, சிங்களத்துக்கு ‘நேம்:எஸ்ஐ’. அரசாணைப் பெயருக்கு ‘அஃபிஷியல்_நேம்’, வழக்கில் உள்ள இன்னொரு பெயருக்கு ‘ஆல்ட்_நேம்’, வழக்கொழிந்ததற்கு ‘ஓல்ட்_நேம்’. உதகமண்டலம், உதகை, ஊட்டி மூன்றுக்கும் இடம் உண்டு. ஆகவே எது சரியான பெயர் என்று தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு உனக்கு இல்லை. யார் எப்படி அழைக்கிறார்கள் என்பதை அதற்குரிய இடத்தில் பதிவதே உன் பொறுப்பு.

சிக்கல் வருவது மொழிக்குறி இல்லாத ‘நேம்’ என்ற ஒற்றை டேக்கில். வரைபடத்தில் பொதுவாக முதலில் தெரிவது அதுதான். இந்தியாவில் அந்த டேக்கில் பெரும்பாலும் ரோமன் எழுத்தே இருக்கிறது. ஆனால் புரூசெல்ஸ் நகரத் தெருக்களுக்கு பிரெஞ்சுப் பெயரையும் டச்சுப் பெயரையும் சிறுகோடிட்டுச் சேர்த்தே எழுதுகிறார்கள். அங்குள்ள பங்களிப்பாளர்கள் கூடிப் பேசி வந்த முடிவு அது. நம் பக்கத்தில் இந்த ரோமன் வழக்கத்தை மாற்ற வேண்டும் என்று உனக்குத் தோன்றினால், பேச்சைத் தொடங்கு. பேசாமல் ஓர் இரவில் நூறு ஊர்களின் ‘நேம்’ டேக்கை மாற்றிவிடாதே. மறுநாள் இன்னொருவர் அத்தனையையும் திருப்பிப் போடுவார். இருவர் உழைப்பும் வீணாகும்.

அடுத்து, எழுத்துப்பெயர்ப்புக் கருவியை நம்பி மொத்தமாகப் பெயர் ஏற்றாதே. எக்மோரைக் கொடுத்தால் அது ‘எக்மோர்’ என்றே தரும், எழும்பூர் வராது. கில்பாக்கிலிருந்து கீழ்ப்பாக்கத்துக்கும், டிரிப்ளிகேனிலிருந்து திருவல்லிக்கேணிக்கும் எந்த விதியும் வழி காட்டாது. ழ, ள, ல மூன்றும் ரோமனில் பெரும்பாலும் ஒன்றாகிவிடுகின்றன. ர, ற இரண்டும் அப்படியே. பழனியும் வால்பாறையும் தெரிந்த ஊர்கள், பிழை உடனே கண்ணில் படும். எழுபது வீடு உள்ள குக்கிராமத்தின் பெயர் பிழையானால் யாருக்குத் தெரியும்? பல ஆண்டுகள் அந்தப் பிழையே அதன் பெயராக நின்றுவிடும். பரங்கிமலையைப் பார். வில்லியம் லாம்டன் 1802இல் தென்னிந்திய நில அளவைக்கு அடிக்கோடு அளக்கத் தொடங்கிய இடம் அது. ஆங்கில வரைபடங்களில் செயின்ட் தாமஸ் மவுண்ட். தமிழிலேயே பரங்கிமலை என்றும் புனித தோமையார் மலை என்றும் இரண்டு வழக்கு. அங்கே போய்க் கேட்டாலொழிய இதெல்லாம் தெரியவராது.

தட்டச்சிலும் கவனம் வேண்டும். ‘கௌ’ என்ற ஒற்றை எழுத்தை, ‘கெ’ போட்டுப் பக்கத்தில் ‘ள’ போட்டு எழுதுகிறவர்கள் உண்டு. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. கணினிக்கு இரண்டும் வேறு வேறு சொற்கள். 2005இல் யூனிகோடில் ‘ஶ’ சேர்ந்த பிறகு ‘ஸ்ரீ’யையும் இரண்டு விதமாகக் குறியேற்ற வழி உண்டாகிவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூரை ஒருவர் ஒரு விதமாக ஏற்றி, இன்னொருவர் வேறு விதமாகத் தேடினால் ஊர் அகப்படாமல் போகலாம். ஏற்றிய பெயரை நீயே ஒருமுறை தட்டச்சு செய்து தேடிப் பார்.

பெயரை எங்கே கேட்பது? ஊராட்சி அலுவலகப் பலகை, பள்ளிக்கூடப் பலகை, பேருந்தின் நெற்றிப் பலகை எல்லாம் சான்றுகள்தான். பலகையைப் படம் எடுத்து வை. சேஞ்செட் (ஒருமுறை ஏற்றும் திருத்தத் தொகுப்பு) குறிப்பில் எதைப் பார்த்து எழுதினாய் என்று சொல். ஆனால் பலகையோடு நின்றுவிடாதே. ஒரு குடியிருப்பைப் பக்கத்து ஊரார் ஒரு பெயரால் சுட்டுவார்கள். அங்கே வாழ்பவர்கள் தங்களை வேறு பெயரால் சொல்வார்கள். தாழ்த்திச் சொல்லும் பெயர்கள் நம் நாட்டில் எத்தனை என்று உனக்கே தெரியும். ‘காலனி’ என்ற சொல் தீண்டாமையின் அடையாளமாகிவிட்டதால் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் தமிழக முதலமைச்சர் சட்டமன்றத்திலேயே அறிவித்தார். வழக்கைப் பதிவு செய் என்று மேலே சொன்னேனே, யார் வழக்கை என்ற கேள்வி இங்கேதான் எழுகிறது. அந்தத் தெருவில் வாழ்பவர்களின் சொல்லுக்கே முதல் உரிமை. மேலத்தெருக்காரர் சொன்னதை வைத்துக் கீழத்தெருவின் பெயரை எழுதாதே.

இனி விக்கித்தரவு. 2012இல் தொடங்கிய அந்தத் தளத்தில் ஒவ்வோர் ஊரும் ஓர் எண்ணிட்ட உருப்படி; சென்னைக்கு கியூ1352. மொழிக்கு ஒரு தலைப்பும், எத்தனை மாற்றுப் பெயர் வேண்டுமானாலும் அதில் இருக்கலாம். மதராஸ் என்ற அதிகாரப்பூர்வப் பெயர் 1996 வரை என்று காலமும் சான்றும் சேர்த்தே பதியலாம். வரைபடப் புள்ளியில் அந்த எண்ணைச் சேர்த்துவிட்டால் இரு தளங்களும் இணைந்துவிடும். ஆனால் எண்ணை ஒட்டுமுன் அது உன் ஊர்தானா என்று பார். நம் நாட்டில் எத்தனை புதூர், எத்தனை மேலூர்! ஊர் வேறு, அதே பெயருள்ள வருவாய்க் கிராமம் வேறு, ரயில் நிலையம் வேறு. போதாததற்கு, செபுவானோ மொழி விக்கிப்பீடியாவில் ஒரு தானியங்கி நிரல், ஜியோநேம்ஸ் என்ற இடப்பெயர்த் தரவுத்தளத்தைக் கொண்டு எழுதிக் குவித்த கட்டுரைகளால் ஒரே இடத்துக்கு இரண்டு உருப்படிகள் இருப்பதும் உண்டு. உரிமத்தையும் மறவாதே. விக்கித்தரவு எந்த நிபந்தனையும் இல்லாதது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்புக்கு நிபந்தனை உண்டு. ஆகவே ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து விக்கித்தரவுக்கு அள்ளிக் கொட்டக் கூடாது. கூகுள் மேப்பைப் பார்த்துப் பெயர் எழுதுவதோ அறவே கூடாது.

அரசாணையையும் நிதானமாகக் கையாள வேண்டும். 2020 ஜூனில் 1018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றிய ஆணை வெளியாகி, சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. இப்படிப்பட்ட ஆணை வரும்போது பழைய கூட்டலை அழிக்காமல் புதியதை அதற்குரிய டேக்கில் சேர்த்தால், ஆணை நின்றாலும் போனாலும் தரவு கெடாது.

பிற மொழியாரின் பெயர்களையும் இதே மரியாதையோடு நடத்து. இலங்கையில் நாம் கண்டி என்பதைச் சிங்களவர் மகநுவர என்கிறார்கள். நம் யாழ்ப்பாணம் அவர்களுக்கு யாபனய. போரின் வடு ஆறாத மண்ணில் ஒரு பெயரை அழிப்பது ஒரு மக்களை அழிப்பதாகவே உணரப்படும். நம் பெயருக்கு நாம் கேட்கும் இடத்தை அவர்கள் பெயருக்கும் கொடுத்தால்தான் நம் கோரிக்கைக்கு நியாயம் இருக்கும். ஓசூரின் கன்னடப் பெயரையும் தெலுங்குப் பெயரையும் அந்த மொழிகள் அறிந்த ஒருவர் ஏற்ற வந்தால் அவருக்குத் துணை நில். உன் திருத்தத்தை யாராவது மாற்றினால், திருப்பிப் போடுமுன் சேஞ்செட்டிலேயே காரணம் கேள். பெரும்பாலானவர்கள் பதில் சொல்வார்கள்.

வட்டம் முழுவதையும் ஒரேயடியாக எடுத்துக்கொள்ளாதே. உன் ஊராட்சியின் குக்கிராமங்களில் தொடங்கு. ஒவ்வொன்றிலும் வயதில் மூத்த ஒருவரிடமும் பள்ளிப் பிள்ளை ஒன்றிடமும் பெயரைக் கேட்டு எழுது. இரண்டு பதிலும் வேறுபட்டால் இரண்டையும் குறித்துக்கொள். முதல் சேஞ்செட்டை ஏற்றியதும் இணைப்பை எனக்கு அனுப்பு. ஒவ்வொரு பெயராகப் பார்த்துக் கருத்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் அண்ணன்