கணினிக் கடிகாரம் ஏன் தவறுகிறது?

மாணவர்களே, கணினியில் நேரம் தவறாக இருந்தால் என்ன கெட்டுவிடும் என்று நினைக்கிறீர்களா? தேதி பல ஆண்டுகள் பின்தங்கிவிட்டால், பாதுகாப்பான இணையத்தளங்கள் திறக்க மறுக்கும். அத்தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தொடக்க நாளும் காலாவதி நாளும் உண்டு. சான்றிதழ் செல்லுமா என்பதைக் கணினி தன் கடிகாரத்தைப் பார்த்தே முடிவு செய்கிறது.

கணினியை அடைத்த பிறகும் நேரம் எப்படி ஓடுகிறது? தாய்ப்பலகையில் உள்ள கடிகாரச் சுற்றுக்கு ஒரு சிறிய மின்கலம் மின்சாரம் தருகிறது. அதிலுள்ள குவார்ட்ஸ் படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. இந்த எண்ணை 15 முறை இரண்டால் வகுத்துப் பாருங்கள், 1 கிடைக்கும். அதாவது, விநாடிக்கு ஒரு துடிப்பு!

வெப்பநிலை மாறினால் இந்த அதிர்வெண்ணும் சற்று மாறும். மில்லியனில் 20 பங்கு பிழை என்று கொள்வோம். ஒரு நாளுக்கு 86,400 விநாடிகள். எனவே, நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.7 விநாடி, 30 நாளில் 52 விநாடி தவறும்.

பிழையின் தன்மையே அதன் காரணத்தைக் காட்டிக்கொடுக்கும்:

1. நிமிடம் சரி, மணி மட்டும் தவறு: நேர மண்டலம் மாறியிருக்கலாம். 'கோலாலம்பூர், சிங்கப்பூர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். நம் நேரம் உலகப் பொது நேரத்தைவிட 8 மணி முன்னால் உள்ளது.

2. மின்னிணைப்பைத் துண்டித்தால் பழைய தேதி திரும்புகிறது: மின்கலம் தீர்ந்திருக்கலாம். பல மேசைக் கணினிகளில் இருப்பது 3 வோல்ட் 'சிஆர் 2032' வகை. இதைப் பெரியவர்களின் துணையோடு மாற்றுங்கள். பழைய மின்கலம் சிறு குழந்தைகளின் கையில் கிடைக்கக்கூடாது. விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

3. சில விநாடிகள் மட்டும் தவறு: படிகத்தின் இயல்பான பிழை. விண்டோஸ் அமைப்புகளில் தேதி, நேரப் பகுதிக்குச் சென்று 'சிங்க் நவ்' பொத்தானை அழுத்துங்கள்.

அப்போது கணினி, இணைய நேரச் சேவையகத்திடம் நேரம் கேட்கிறது. பதில் வந்து சேரவும் நேரம் எடுக்குமே? இதற்கான வழிமுறையை அமெரிக்கக் கணினி அறிவியலாளர் டேவிட் மில்ஸ் 1985இல் வெளியிட்டார். கேள்வி போய்ப் பதில் வர 0.4 விநாடி ஆனால், பதில் வந்த பயணம் அதில் பாதி, 0.2 விநாடி என்று கொள்ளப்படும். சேவையகம் சொன்னது 10:00:05 என்றால், சரியான நேரம் 10:00:05.2.

செய்து பாருங்கள்: குவார்ட்ஸ் சுவர்க் கடிகாரத்தைக் கைப்பேசியின் நேரத்தோடு 7 நாள் ஒப்பிடுங்கள். நாளொன்றுக்கு எத்தனை விநாடி தவறுகிறது என்று கணக்கிடுங்கள்.