இஸ்லாத்தைத் தழுவிய பெண்ணும் மேற்குலகின் பார்வையும்

அன்புள்ள மகளுக்கு,

முஸ்லிம் பெண் என்றால் அடக்கி வைக்கப்பட்டவள், இல்லையென்றால் அஞ்சத்தக்கவள். மேற்கு நாடுகளில் நெடுங்காலமாகப் புழங்கிவரும் எண்ணங்கள் இவை. அங்கேயே பிறந்து, படித்து, வளர்ந்த ஒரு பெண் தன் விருப்பத்தால் கலிமா சொல்லி இஸ்லாத்துக்கு வரும்போது இரண்டுமே பொருந்தாமல் போகின்றன. உடனே வேறு காரணங்கள் தேடப்படுகின்றன. காதலனுக்காக மாறினாள் என்பார்கள், யாரோ மூளைச்சலவை செய்துவிட்டார்கள் என்பார்கள். எந்தக் காரணத்தைச் சொன்னாலும், முடிவெடுத்தது அவள்தான் என்பது மட்டும் மறைந்துவிடுகிறது.

இது இன்று முளைத்த பார்வை அன்று. லிவர்பூல் வழக்கறிஞர் அப்துல்லா குவில்லியம் 1887-இல் இஸ்லாத்தை ஏற்றவர். மதுவிலக்குக் கூட்டங்களில் பேசிவந்தார். அப்படியொரு கூட்டத்தில் அவர் நபிகளைப் பற்றிப் பேசியதைக் கேட்டவர், ஆற்றுக்கு அக்கரையிலுள்ள பிர்கன்ஹெட் ஊரின் பிரான்சிஸ் எலிசபெத் மரே என்ற இளம்பெண். அவரிடமிருந்து குர்ஆன் பிரதி ஒன்றை வாங்கிவந்து வீட்டில் படித்தார். தாய் அதைப் பிடுங்கி எரிக்கப் பார்த்தார். மகளோ படுக்கையறைக்குள் ஓடிக் கதவைத் தாழிட்டுக்கொண்டு தொடர்ந்து படித்தார். பின்னாளில் ஃபாத்திமா கேட்ஸ் என்று அறியப்பட்ட இவர், குவில்லியம் நடத்திய முஸ்லிம் சங்கத்தின் முதல் பெண். கூட்டத்துக்குப் போகும் வழியில் அடி வாங்கினார். முகத்தில் குதிரைச் சாணத்தை அப்பினார்கள். இத்தனைக்கும் அவர் தேடிப் படித்தவர், தானே தீர்மானித்தவர். அதைத்தான் அந்தத் தெரு பொறுத்துக்கொள்ளவில்லை.

இதே நாட்டில் எவலின் கோபோல்டுக்குக் கிடைத்த வரவேற்பு முற்றிலும் வேறு. டன்மோர் பிரபுவின் மகளான இவர் 1867-இல் எடின்பரோவில் பிறந்தவர். சிறுவயதுக் குளிர்காலங்களை அல்ஜியர்ஸிலும் கெய்ரோவிலும் கழித்ததால் இஸ்லாமியச் சூழல் அவருக்குப் பழகியிருந்தது. 1933-இல், 65 வயதில், ஹஜ் பயணம் போனார். பிரிட்டனில் பிறந்த பெண்களில் ஹஜ் செய்ததாக அறியப்படும் முதலாமவர் இவரே. மறு ஆண்டு பயண நூலும் எழுதினார். ஊர் அவரை வியந்து பார்த்ததே தவிர, வெறுக்கவில்லை. சீமாட்டியின் மதமாற்றம் விந்தையான விருப்பமாகவும், சாதாரண வீட்டுப் பெண்ணின் மதமாற்றம் குற்றமாகவும் தெரிந்தன. மதத்தைப் பற்றிய பார்வைக்குள் வர்க்கமும் ஒளிந்திருக்கிறது; அதை இன்றைய விவாதங்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

'அடக்கப்பட்டவள்' என்ற எண்ணத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. பிரிட்டிஷ் தூதரின் மனைவியாக 1717-இல் துருக்கியில் இருந்த மேரி மான்டேகு, முக்காடிட்ட பெண்கள் யாராலும் அடையாளம் காணப்படாமல் விரும்பிய இடத்துக்குப் போய்வருவதையும், தங்கள் சொத்தைத் தாங்களே வைத்திருப்பதையும் கண்டு எழுதினார். அவருடைய இங்கிலாந்தில் மணமான பெண்ணுக்குத் தன் சொத்தின் மீது முழு உரிமை கிடைத்தது 1882-ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான். எகிப்தை ஆண்ட குரோமர் பிரபு, அந்நாட்டுப் பின்னடைவுக்கு முக்காடு ஒரு காரணம் என்றார். அவரே ஊர் திரும்பியதும் பிரிட்டிஷ் பெண்களுக்கு வாக்குரிமை கூடாது என்று போராடிய சங்கத்துக்குத் தலைமை ஏற்றார். லைலா அகமது 1992-இல் வெளியிட்ட ஆய்வுநூல் இதை விரிவாக எடுத்துக்காட்டுகிறது. பெண்ணின் விடுதலை என்ற பேச்சு அங்கே ஆட்சியை நியாயப்படுத்தப் பயன்பட்டது.

இன்று பார்வை முழுக்க உடையின் மீது குவிந்திருக்கிறது. 2018 ஆகஸ்டில் பிரிட்டிஷ் அரசியல்வாதி போரிஸ் ஜான்சன் நாளிதழ்க் கட்டுரை ஒன்றில், முகத்திரை அணிந்த பெண்களை அஞ்சல் பெட்டிக்கு ஒப்பிட்டார். தடைச் சட்டம் வேண்டாம் என்று வாதிட்ட கட்டுரைதான் அது. மக்கள் மனத்தில் நின்றதோ அந்த ஒப்பீடு. முஸ்லிம்கள் மீதான தாக்குதல்களைப் பதிவுசெய்யும் டெல் மாமா அமைப்பில் முந்தைய வாரம் 8 புகார்கள் வந்திருந்தன. கட்டுரை வந்த வாரத்தில் அது 38 ஆனது. தலையில் துணி கட்டிய வெள்ளைக்காரப் பெண்ணிடமும் 'உன் நாட்டுக்குப் போ' என்று கத்துகிறார்கள். அவள் பிறந்த நாடே அதுதான். உடை மாறியதும் அவளுடைய நிறமும் பிறப்பும் கணக்கில் வராமல் போய், அந்நியப் பெண்ணாகிவிடுகிறாள்.

பிரான்ஸ் சட்டமே இயற்றியது. 2004-இல் அரசுப் பள்ளிகளில் முக்காட்டுக்குத் தடை வந்தது. பொது இடங்களில் முகத்தை மறைப்பதற்கான தடை 2011 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. மீறினால் 150 யூரோ வரை அபராதம். சட்டத்துக்கு முந்தைய அரசு மதிப்பீட்டின்படி, முகத்திரை அணிந்தவர்கள் ஏறத்தாழ 1,900 பேர். அவர்களில் சுமார் கால் பங்கினர் மதம் மாறியவர்கள். அதே 2011-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக 32 பெண்களிடம் பேசியபோது, பெரும்பாலோர் தாங்களே விரும்பி அணிவதாகச் சொன்னார்கள். குடும்பத்தின் எதிர்ப்பை மீறி அணிந்தவர்களும் அவர்களுள் உண்டு. கணவனோ தகப்பனோ வற்புறுத்தி அணியவைக்கும் வீடுகளும் இருக்கின்றன, அது பெருங்கொடுமை. அந்தப் பெண்ணுக்குத் தேவை பாதுகாப்பு. அபராதம் அவளை வீட்டுக்குள்ளேயே முடக்கிவிடும்.

இஸ்லாத்துக்கு வந்தவர்களுக்கு முஸ்லிம் சமூகத்தின் உள்ளேயும் சிக்கல் உண்டு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 2013-இல் வெளியிட்ட அறிக்கைக்காக ஏறத்தாழ 50 பெண்கள் தங்கள் அனுபவங்களைப் பேசினார்கள். கலிமா சொன்ன நாளில் கட்டித் தழுவிய கூட்டம் பிறகு தேடி வருவதில்லை. நோன்பு திறக்கும் வேளையிலும் பெருநாளன்றும் பலர் தனியே இருக்கிறார்கள். மேடையேற்றிக் காட்டுவதற்கு வெள்ளைக்கார முஸ்லிம் பெண் வேண்டும். மருமகளாக என்றால் தயங்கும் குடும்பங்கள் பல.

மரணத்துக்குப் பின்னும் அவளுடைய முடிவு நிலைக்கும் என்ற உறுதி கிடையாது. இங்கிலாந்தில் மரண சாசனத்தில் எழுதிய இறுதிச்சடங்கு விருப்பம் சட்டப்படி யாரையும் கட்டுப்படுத்தாது. உடலை என்ன செய்வது என்று தீர்மானிக்கும் உரிமை சாசனத்தை நிறைவேற்றுபவருக்கே முதலில் உண்டு. சாசனமே இல்லையென்றால் அந்த உரிமை நெருங்கிய உறவினரிடம் போகும். முஸ்லிம் அல்லாத பெற்றோர் எரியூட்டத் தீர்மானிக்கலாம். அதனால் ஜனாஸா தொழுகையும் அடக்கமும் வேண்டும் என்று சாசனத்தில் எழுதுவதோடு, அதை நிறைவேற்றும் பொறுப்பை நம்பிக்கையான ஒரு முஸ்லிம் தோழியிடம் ஒப்படைத்துவிடும்படி அறிந்தவர்கள் சொல்கிறார்கள்.

அன்புடன்,
அம்மா