கூண்டுக்கு வெளியேயும் உயிர்கள் உண்டு

இகுவானா, பால் பைத்தான், மக்காவ் என்று ஆசைப்பட்டு வருகிற தம்பி தங்கைகளே, என்ன தீனி போடுவது என்று எல்லோரும் கேட்கிறீர்கள். பக்கத்து வீட்டுப் பூனையையும் தெருக்கோடிக் குளத்தையும் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. அதனால் நானே சொல்கிறேன்.

1. முதலில் காகிதம். நம் ஊர்ப் பச்சைக்கிளி, நட்சத்திர ஆமை, மலைப்பாம்பு எதையும் வீட்டில் வளர்க்க 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடம் தராது. சைட்டீஸ் என்னும் சர்வதேச வனஉயிர் வணிக ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ள வெளிநாட்டு இனம் என்றால், 2024 விதிகளின்படி கைக்கு வந்த 30 நாளுக்குள் அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். குட்டி போட்டாலும், செத்தாலும், கைமாறினாலும் தெரிவிக்க வேண்டும். ரசீது கேட்டால் மழுப்புகிறவரிடம் வாங்காதீர்கள்.

2. ஆயுளைக் கணக்குப் போடுங்கள். பால் பைத்தான் 20, 30 வருடம் இருக்கும். மக்காவ் 50-ஐத் தாண்டும். கல்யாணம், வேலை மாற்றம், வாடகை வீடு எல்லாவற்றுக்கும் அது கூடவே வரும்.

3. பூட்டில் கஞ்சத்தனம் வேண்டாம். பாம்பு கூண்டின் மூடியை மூக்கால்தான் நெம்பும். இரவெல்லாம் ஒரே மூலையில் உரசும். காலையில் மூக்கு நுனிச் செதில் தேய்ந்து சிவந்திருந்தால் வழி தேடுகிறது என்று அர்த்தம். மூடி மேல் புத்தகம் அடுக்கி வைப்பது பூட்டு ஆகாது. இருபுறமும் கொண்டி போடுங்கள். வயர் போகிற ஓட்டையையும் அடையுங்கள்.

4. தப்பிவிட்டால் மறைக்காதீர்கள். ஃபிரிட்ஜ், வாஷிங்மெஷின் பின்னால் கதகதப்பான இடுக்குகளில் தேடுங்கள். கிடைக்காவிட்டால் அன்றைக்கே அக்கம்பக்கத்தில் படத்தைக் காட்டிச் சொல்லுங்கள். விவரம் தெரியாதவர் கம்பை எடுப்பார். தெரிந்தவர் கோழிக்குஞ்சுகளை அடைத்துவிட்டு உங்களைக் கூப்பிடுவார்.

5. புதுப் பறவையை 30 நாளாவது தனி அறையில் வையுங்கள். கிளிக் காய்ச்சல் மற்றப் பறவைகளுக்கும் மனிதருக்கும் தொற்றும். காய்ந்த எச்சத்தின் தூசியே போதும். தண்ணீர் தெளித்துவிட்டுக் கூண்டைத் துடையுங்கள். பக்கத்து வீட்டு லவ் பேர்ட்ஸைப் பார்க்கப் போகுமுன் கை கழுவி, சட்டையை மாற்றுங்கள்.

6. மொட்டைமாடியில் இகுவானாவுக்கு வெயில் காட்டும்போது கூடவே நில்லுங்கள். அதன் வாலடி பூனைக்குச் சுளீரென்று விழும்; பூனையின் பல் பட்டால் இகுவானாவுக்குச் சீழ் பிடிக்கும். எது நடந்தாலும் குற்றம் கீழே இறங்கிப் போன உங்களுடையது.

7. வெளியே விடவே விடாதீர்கள். உள்ளங்கையளவில் வாங்கிய செங்காது ஆமை தட்டளவு வளர்ந்ததும், கோயில் குளத்தில் விட்டால் புண்ணியம் என்கிறார்கள். அங்கே ஏற்கெனவே இருக்கும் நாட்டு ஆமையின் தீனிக்கும் வெயில் காயும் கல்லுக்கும் அது போட்டிக்கு வரும். அமெரிக்காவின் எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்தில், வளர்ப்பிலிருந்து வெளியேறிய பர்மா மலைப்பாம்புகள் பெருகி, முயலும் ரக்கூனும் அரிதாகிவிட்டன.

8. உங்களால் முடியாமல் போனால் காகிதத்தோடு வாங்கிக்கொள்ள, விவரம் தெரிந்த ஒருவரை இப்போதே பேசி வையுங்கள். அப்படி ஒருவர் கிடைக்கவில்லையா? கிடைக்கும்வரை வாங்காதீர்கள்.