திரும்பி வரும் பாத்திரம்

நுழையும்முன்

கடையில் வாங்கிய உணவை உண்டு முடிக்கச் சில நிமிடங்களே ஆகின்றன. அவ்வுணவு வந்த நெகிழிப் பெட்டியோ பல்லாண்டுகள் மண்ணில் மட்காமல் கிடக்கின்றது. இதற்கு மாற்றுவழி உண்டா? நம் நாட்டின் மாநகர் ஒன்றில் நூறாண்டுகளுக்கும் மேலாக இயங்கி வரும் ஒரு முறை அவ்வழியைக் காட்டுகின்றது. அதனை இப்பாடத்தில் அறிவோம்.

ஆறு பெட்டிகள்

மும்பையின் தாராவிப் பகுதியில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தை மனக்கண்ணில் காண்போம். ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அப்பா உணவகத்திலிருந்து சிற்றுண்டி வாங்கி வந்தார். இட்டலிக்கு ஒன்று, வடைக்கு ஒன்று, சாம்பாருக்கு இரண்டு, சட்டினிக்கு இரண்டு என ஆறு நெகிழிப் பெட்டிகள் மேசையில் இடம்பெற்றன. உண்டு முடித்ததும் அந்த ஆறும் குப்பைத்தொட்டியை நிறைத்தன.

திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த ஆச்சி அதனைப் பார்த்தார். "எங்கள் காலத்தில் தூக்குவாளி கொண்டு போனால்தான் கடையில் சாம்பார் ஊற்றுவார்கள். இப்போது வாளியையும் கடைக்காரரே கொடுத்துவிடுகிறாரா?" என்று கேட்டுச் சிரித்தார்.

பேத்தி சிரிக்கவில்லை, கணக்கிட்டாள். வாரம் ஒருமுறை ஆறு பெட்டிகள் என்றால் ஆண்டின் 52 வாரங்களுக்கு 312 பெட்டிகள்! ஒரே வீட்டில், ஒரே வேளை உணவுக்கு இத்தனை. அவர்கள் தெருவில் எத்தனை வீடுகள் உள்ளன என்று எண்ணியபோது அவள் கணக்கை நிறுத்திவிட்டாள்.

மறுசுழற்சி போதுமா?

"பெட்டிகளை மறுசுழற்சிக்கு அனுப்பலாமே!" என நீங்கள் கூறலாம். ஆனால் எண்ணெயும் குழம்பும் படிந்த நெகிழியை மறுசுழற்சி செய்வது கடினம். அதனைக் கழுவவேண்டும்; வகை பிரிக்கவேண்டும். பிற குப்பையோடு கலந்துவிட்டால் அதனை எடுத்துச் செல்வோர் இல்லை. ஆகவே, பெரும்பாலான உணவுப் பெட்டிகள் குப்பைமேட்டையே சென்றடைகின்றன.

நம் நாட்டில் 2022ஆம் ஆண்டு சூலை 1 முதல் நெகிழித் தட்டு, குவளை, கரண்டி, உறிஞ்சுகுழல் முதலிய பொருள்கள் தடைசெய்யப்பட்டுள்ளன. ஆயினும், மூடியுடன் கூடிய உணவுப் பெட்டிகள் அப்பட்டியலில் இடம்பெறவில்லை. எனவே, சட்டம் நிறுத்திய இடத்திலிருந்து நம் பழக்கம் தொடரவேண்டும்.

பாத்திரம் மட்டும் போதாது

எவர்சில்வர் பாத்திரம் பல்லாண்டுகள் உழைக்கும்; சூடான சாம்பாரையும் தாங்கும். எனினும், ஓர் உண்மையை மறக்கலாகாது. மெல்லிய நெகிழிப் பெட்டி ஒன்றைச் செய்வதைவிட எவர்சில்வர் பாத்திரம் ஒன்றைச் செய்வதற்கு மிகுதியான மூலப்பொருளும் ஆற்றலும் தேவை. அப்பாத்திரத்தை மீண்டும் மீண்டும் பயன்படுத்தினால்தான் பயன் கிட்டும். வாங்கி அலமாரியில் வைத்துவிட்டால் அதுவும் வீண்செலவே.

கடைக்கு நேரில் செல்வோர் தம் பாத்திரத்தைக் கொண்டு செல்லலாம். வீட்டிற்கே உணவை வரவழைப்போர் என்ன செய்வது? கடையின் பாத்திரத்தில் உணவு வந்தால், உண்டபின் அது கடைக்குத் திரும்பவேண்டும். யார் கொண்டு செல்வார்? யாருடைய பாத்திரம் எது என்று எப்படி அறிவது? இக்கேள்விகளுக்கு விடைகாண மும்பையின் டப்பாவாலாக்களைப் பார்ப்போம்.

டப்பாவாலாக்கள் காட்டும் வழி

1890ஆம் ஆண்டளவில் மகாதேவ் ஹாவாஜி பச்சே என்பவர் மும்பையில் இப்பணியைத் தொடங்கினார். டப்பாவாலாக்கள் எடுத்துச் செல்வது பெரும்பாலும் வீட்டில் சமைத்த உணவே, கடையுணவு அன்று. ஆயினும், பாத்திரம் சென்று திரும்பும் முறையை அவர்களிடம் கற்கலாம்.

காலையில் வீடுதோறும் சென்று உணவுப் பாத்திரங்களைப் பெறுகின்றனர். மிதிவண்டியில் அருகிலுள்ள தொடர்வண்டி நிலையத்திற்குக் கொண்டு செல்கின்றனர். அங்கே அவை செல்லுமிடத்திற்கேற்பப் பிரிக்கப்பட்டு, புறநகர்த் தொடர்வண்டியில் ஏற்றப்படுகின்றன. இறங்கும் நிலையத்தில் மீண்டும் பிரிக்கப்பட்டு, நண்பகல் உணவு வேளைக்குள் அலுவலகங்களைச் சென்றடைகின்றன. பிற்பகலில் வெற்றுப் பாத்திரங்கள் அதே வழியில் வீடு திரும்புகின்றன.

ஒவ்வொரு பாத்திரத்தின் மூடியிலும் எழுத்து, எண், வண்ணம் ஆகியவற்றால் ஆன குறியீடு உண்டு. புறப்படும் இடம், இறங்கும் நிலையம், கட்டடம், தளம் ஆகியவற்றை அது சுட்டும். இதனால் கைமாறிக் கைமாறிச் சென்றாலும் பாத்திரம் வழி தவறுவது மிக அரிது. அமெரிக்காவின் ஹார்வர்டு வணிகப் பள்ளி 2010ஆம் ஆண்டில் இம்முறையைப் பாடமாகவே வெளியிட்டது.

இதிலிருந்து மூன்று செய்திகளை அறிகிறோம். பாத்திரத்திற்கு அடையாளம் வேண்டும். அது திரும்பும் வழி முன்னரே வகுக்கப்படவேண்டும். திருப்பி அளிக்கும் பொறுப்பை உண்பவர் உணரவேண்டும். பொறுப்பை நினைவூட்ட முன்பணமும் உதவும். முற்காலத்தில் சோடாக் கடைகளில் குப்பிக்கு முன்பணம் பெற்று, வெற்றுக் குப்பியைத் தந்ததும் திருப்பிக் கொடுப்பர். உணவகங்களும் இவ்வாறே செய்யலாம். செருமனியில் 2023 சனவரி 1 முதல், பார்சல் தரும் பெரிய உணவகங்கள் மீளப் பயன்படும் பாத்திரத்திலும் உணவு வழங்க முன்வரவேண்டும் என்பது சட்டம்.

அடுத்த ஞாயிறு

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அச்சிறுமி, அப்பாவுடன் தூக்குவாளியும் அடுக்குப் பாத்திரமும் எடுத்துச் சென்றாள். கடைவாசலில் அவளுக்குச் சற்றுக் கூச்சமாக இருந்தது. வரிசையில் நின்ற எவர் கையிலும் பாத்திரம் இல்லை. கடைப் பணியாளர் தயங்கினார். "இதில் அளவு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

"உங்கள் கரண்டியால் அளந்து ஊற்றுங்கள், அண்ணா. பாத்திரத்தை நன்றாகக் கழுவித் துடைத்துக் கொண்டு வந்திருக்கிறோம்" என்றாள் சிறுமி. அவர் மூடியைத் திறந்து பார்த்தார். பின் சிரித்துக்கொண்டே சாம்பாரை ஊற்றினார்.

வீட்டிற்கு வந்து எண்ணினாள். காரச் சட்டினிக்குத் தனிக் கிண்ணம் கொண்டு செல்ல மறந்ததால், ஒரு நெகிழிப் பெட்டி வந்திருந்தது. ஆறு, ஒன்றாகக் குறைந்திருந்தது. "அந்த ஒன்றுக்கும் ஒரு கிண்ணம் இருக்கிறது" என்று கூறி, ஆச்சி அலமாரியைத் திறந்தார்.

சொல்லும் பொருளும்

நெகிழி – பிளாஸ்டிக்
தூக்குவாளி – கைப்பிடியும் மூடியும் உடைய பாத்திரம்
குறியீடு – அடையாளம்
முன்பணம் – முன்னதாகக் கொடுத்து வைக்கும் தொகை

மதிப்பீடு

அ. கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. டப்பாவாலாப் பணியைத் தொடங்கியவர் ________.
2. பாத்திரத்தின் ________ மீது குறியீடு எழுதப்பட்டிருக்கும்.

ஆ. பிரித்து எழுதுக.
1. அவ்வுணவு 2. பல்லாண்டு 3. மனக்கண்

இ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. உணவுப் பெட்டிகளை மறுசுழற்சி செய்வது ஏன் கடினம்?
2. எவர்சில்வர் பாத்திரத்தால் எப்போது பயன் கிட்டும்?

ஈ. சிந்தனை வினா
சிறுமிக்கு ஏன் கூச்சம் ஏற்பட்டது? நீங்கள் அங்கிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டில் ஒரு வாரம் சேரும் உணவுப் பெட்டிகளை எண்ணிப் பட்டியலிடுக. ஆண்டிற்கு எத்தனை எனக் கணக்கிடுக.
2. கடைக்குப் பாத்திரம் கொண்டு சென்று உணவு வாங்கிய பழக்கம் பற்றித் தாத்தா, பாட்டியிடம் தமிழில் கேட்டறிந்து ஐந்து தொடர்கள் எழுதுக.